இழிசனர் வழக்கும் ஈழத்துப் புனைகதையும்

1956 ஆம் ஆண்டிற் சிங்களம் மட்டுமே இலங்கையின் அரசகரும மொழியாயிற்று. தமிழ் தன் உரிமைக்காக வாதாட நேர்ந்த அக்காலத்தையடுத்தே, எது தமிழ் என்னும் வினா ஈழத்து எழுத்தாளரிடையே பூசலாய் மூண்டது. 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த அம்மரபுப் போராட்டத்திற் பண்டிதர் ஒருபாலும் முற்போக்கு எழுத்தாளர் மறுபாலும் நின்றனர். கதைமாந்தர் உரையாடலிற் பேச்சு மொழியைப் பெய்தலை முன்னவர் 'இழிசனர் வழக்கு' என இகழ்ந்தனர். பின்னவர் அதனையே 'மண்வாசனை' எனப் போற்றினர்.

பண்டிதரின் அச்சம் முற்றும் வீணன்று. அரசாங்கம் புறக்கணித்த ஒரு மொழியினர், பாடநூலுக்கும் மனுவுக்கும் உரிய பொதுமொழியையும் சிதறவிடலாமோ என்ற கேள்வி நியாயமானதே. ஆயின், அவர்கள் கைக்கொண்ட அளவுகோல் பிழையானது. வழக்கு உயர்ந்தோரைச் சார்ந்தது என்ற மரபியற் கருத்தைப் பற்றிக்கொண்டோர், அதே தொல்காப்பியம் திசைச்சொல்லைச் செய்யுட்குரிய சொற்களுள் ஒன்றாக ஏற்றதை மறந்தனர். 'பிறகு' என்னும் பொருளில் யாழ்ப்பாணத்தார் வழங்கும் 'பேந்து', 'பெயர்ந்து' என்பதன் மரூஉ. மட்டக்களப்பாரின் 'மறுகா'வும் தமிழ் வேரினதே. இவற்றை இழிந்தன என்றோர் போர்த்துக்கேயர் தந்த கதிரையில் அமர்வதிலும், ஒல்லாந்தர் தந்த கந்தோருக்குச் செல்வதிலும் மாசு கண்டிலர்!

எனினும், மறுசாராரின் குறையே இன்று கூடுதலாகச் சிந்திக்கற்பாலது. க. கைலாசபதி 'தினகரன்' ஆசிரியராயிருந்த காலத்தில் ஈழத்துக் களத்தில் அமைந்த கதைகளுக்கு ஊக்கமளித்தமை பெரும்பணி. ஆனால், அக்காலச் சிறுகதைகள் பலவற்றில் ஆசிரியர் கூற்றுச் செந்தமிழாகும்; படித்த பாத்திரம் பேசுவதும் ஏறக்குறைய அதுவே; கூலியாளும் சீவற்றொழிலாளியும் வாய்திறக்கும்போது மாத்திரம் எழுத்துச் சிதையும். படித்தவரும் வீட்டில் 'வாறன்', 'போறன்' என்றே பேசுவர் என்பதை யாழ்ப்பாணத்தில் அறியாதார் யார்? சாதியைச் சாட எழுந்த கதை எழுத்துக்கூட்டலில் அதனைக் காத்துநின்றது. முற்போக்கு அணியினின்றும் பிரிந்த எஸ். பொன்னுத்துரை, 1966இல் வெளிவந்த 'சடங்கு' நாவலில் நடுத்தரக் குடும்பத்தையே அவ்வூர்ப் பேச்சிற் பேசவைத்தார். இவ்வகையில் அவர் துணிவு பெரிது.

மேலும், மண்வாசனை என்றபோது பலர் உள்ளத்தில் எழுந்தது யாழ்ப்பாண மண்ணே. மலையகத்தின் லயமும் பெரட்டும் அதில் நெடுநாள் விருந்தினராகவே இருந்தன. ஈழத்துத் தமிழை ஆராய்ந்த கமில் சுவெலபில், எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கிய பேச்சு மட்டக்களப்பினதே என 1966இற் குறித்தார். அவ்வாறாகவும், யாழ்ப்பாண வாசகன் 'மறுகா'வுக்குப் பொருள் கேட்பான். தான் எழுதும் 'பேந்து'வுக்குப் பிறர் பொருள் கேட்கக்கூடும் என நினையான்.