வழுவும் அமைதியும்: ரமாபாய் ரானடேயின் தன்வரலாற்று நடையும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

0. முன்னுரை

வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்றாகச் சொல்லாட்சியைப் பகுத்துக் காண்பது தமிழ் இலக்கண மரபு. இலக்கண நெறியில் பிழையே ஆயினும், வழக்கில் வேரூன்றியமையால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இத்தொடரிலுள்ள ‘அமைதி’ என்னும் சொல் சண்டையின்மையைக் குறிப்பதன்று. ‘அமைத்துக்கொள்ளுதல்’, ‘தகும் என இசைதல்’ என்னும் பொருளைத் தருவது. எனினும் குடும்ப அமைதி என்று உலகியலில் வழங்குவதும் பல வேளைகளில் இத்தகையதே. பிழை பிழையாகவே இருக்க, அதனை ஒருவர் ஏற்றுக்கொள்வதால் இல்லத்தில் ஓசை அடங்குகிறது. அவ்வாறு ஏற்றுக்கொள்பவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருத்தல் கண்கூடு.

இந்நிலை ஒரு தன்வரலாற்றின் மொழியில் எவ்வாறு பதிவாகிறது, அம்மொழியை வேற்று மொழிக்குக் கொண்டுசெல்வோர் எதிர்கொள்ளும் சிக்கல் யாது என்பனவற்றை, புணே நகரைக் களமாகக் கொண்ட ரமாபாய் ரானடேயின் மராத்தி நூல்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நூலும் சூழலும்

‘ஆம்ச்யா ஆயுஷ்யாதீல் காஹீ ஆடவணீ’ என்னும் இந்நூல் 1910இல் வெளிவந்தது. கோபால கிருஷ்ண கோகலே இதற்கு முன்னுரை வழங்கினார். நூலாசிரியர், நீதிபதியும் சமூகச் சீர்திருத்தவாதியுமான மகாதேவ கோவிந்த ரானடேயின் இரண்டாம் மனைவி. 1873இல் திருமணம் நிகழ்ந்தபோது மணமகனுக்கு வயது 31, மணமகளுக்கு 11. விதவை மறுமணத்தை ஆதரித்து வந்த ரானடே, முதல் மனைவியை இழந்த அதே ஆண்டில் ஒரு சிறுமியை மணந்தது தந்தையின் வற்புறுத்தலால். மகன் ஒரு விதவையை மணந்துவிடக்கூடும் என்னும் அச்சமே அவ்வற்புறுத்தலுக்குக் காரணம்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. தந்தையோடு அமைதி காக்க விரும்பியவர் மகன். அவர் அதன்பொருட்டுத் தம் கொள்கையை விட்டார். பொதுவெளியில் ஏளனத்திற்கும் ஆளானார். ஆயின் அவ்வமைதிக்கு வாழ்நாள் முழுவதையும் விலையாகத் தந்தவள், முடிவெடுத்த கூடத்தில் இடம்பெறாத பதினொரு வயதுச் சிறுமி. ஆண் காக்கும் அமைதிக்கும் பெண் காக்கும் அமைதிக்கும் இடையிலான வேறுபாடு இந்நூலின் தொடக்கத்திலேயே இவ்வாறு அமைந்துவிடுகிறது.

மணமாகிப் புணே வந்த சிறுமிக்கு எழுத்தறிவிக்க முற்பட்டவரும் ரானடேயே. ஆனால் வீட்டிலிருந்த மூத்த பெண்டிர் அதனை விரும்பவில்லை. அவர்களுள் கணவரின் விதவைத் தங்கையும் இருந்தார். படித்தால் ஏச்சு, படிக்காவிடில் கணவரின் வருத்தம். மறுமொழி கூறாது பொறுத்துக்கொண்டு படிப்பைத் தொடர வேண்டும் என்பதே கணவர் வகுத்த நெறி. சீர்திருத்தத்தை முடிவு செய்தவர் ஒருவர். அதன் உராய்வை அடுக்களையில் நாள்தோறும் தாங்கியவர் மற்றொருவர். 1882இல் பண்டித ரமாபாய் புணேயில் ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவியபோதும், 1884இல் தொடங்கப்பெற்ற ஹுஜூர்பாகா பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கான முயற்சியில், ஆளுநர் சர் ஜேம்ஸ் பெர்குசன் முன்னிலையில் ரமாபாய் ரானடே ஆங்கிலத்தில் உரை வாசித்தபோதும், வெளியே கிடைத்த பாராட்டுக்கு ஈடாக உள்ளே ஏச்சே காத்திருந்தது.

2. பெயர் சொல்லாமை

கணவர் பெயரை மனைவி சொல்லலாகாது என்பது மராத்தியர்க்கும் தமிழர்க்கும் பொதுவாக இருந்த வழக்கு. மராட்டிய நாட்டில் மங்கல நிகழ்ச்சிகளில் எதுகை இயைந்த சிறு பாட்டினுள் பொதிந்து கணவர் பெயரைச் சொல்லும் ‘உகாணா’ என்னும் மரபு உண்டு. பெயர் சொல்வதற்குத் தனிச்சடங்கு வேண்டியிருந்தமை, மற்ற நாள்களில் அது எத்துணை அடைபட்டிருந்தது என்பதற்குச் சான்று.

தம் கணவரைப் பற்றிய நூலொன்றை எழுதும் மனைவி என்ன செய்வார்? ரமாபாய் கையாண்ட சொல் ‘ஸ்வத:’ என்பது. ‘தான்’, ‘தாமே’ என்னும் தற்சுட்டுப் பொருளுடைய இச்சொல், முன்னர் எவரையும் சுட்டாத இடங்களிலும் கணவரைக் குறித்து நிற்கிறது. தற்சுட்டுப் பெயர் இயல்பாகத் தொடரின் எழுவாயைத் திரும்பச் சுட்டும். இங்கோ அது சுட்டப்படும் பெயர் இன்றியே வருகிறது. எழுதுபவர் ஒருவர், ‘தாம்’ என்னும் சொல்லுக்கு உரியவர் வேறொருவர். தன்வரலாறு என்னும் இலக்கிய வகையில் ‘தன்’ என்பது பிறருக்கு வழங்கப்பட்டுவிட்டது எனலாம்.

இதனை அடிமைத்தனத்தின் சின்னம் எனக் கூறி முடித்துவிடுதல் எளிது, போதியதன்று. அக்காலப் புணே நகர் அந்தணப் பெண்களுக்கு இது வழக்கு மரபு; வாசிப்போர் எவரும் இதில் இடறவில்லை. பன்மையால் ஒருவரைச் சுட்டும் உயர்சொல்லைத் தொல்காப்பியர் வழக்கிற்கு உரியதாக ஏற்று, இலக்கண நெறியினின்று வேறுபடுத்தியதை இங்கு ஒப்புநோக்கலாம். மரியாதையின் பொருட்டு இலக்கணம் நெகிழ்கிறது. அந்நெகிழ்வு பழகிப்போனபின் அது நெகிழ்வு என்பதே மறந்துபோகிறது.

3. நூற்பெயரும் அதன் பெயர்ப்புகளும்

நூற்பெயரிலுள்ள ‘ஆம்ச்யா’ என்பதும் நோக்கத்தக்கது. தமிழிலுள்ள ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாட்டைப் போன்றே மராத்தியிலும் ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’ என்னும் வேறுபாடு உண்டு. ஆகவே இந்நூலின் பெயர் ‘எங்கள் வாழ்வின் சில நினைவுகள்’ என்றே தமிழாகும். ‘நம்’ என்றால் பிழை. ‘என்’ என்று தொடங்கியிருக்கக்கூடிய பெயர் ‘எங்கள்’ எனத் தொடங்குவதில் அடக்கம் உண்டு, உரிமையும் உண்டு. கணவரோடு தம்மையும் உள்ளடக்கி, வாசகரை வெளியே நிறுத்துகிறது அச்சொல். ஆசிரியர் தமக்கென வைத்துக்கொண்ட இடம் அந்த ஒரு விகுதியில் இருக்கிறது.

இதன் ஆங்கில வடிவங்கள் இரண்டு. 1938இல் கேத்தரின் வான் ஆகின் கேட்ஸ் தழுவி மொழிபெயர்த்த நூல் நியூயார்க்கில் வெளிவந்தது; அதன் பெயர் ‘ஹிம்செல்ஃப்’, துணைப்பெயர் ‘ஓர் இந்துப் பெண்மணியின் தன்வரலாறு’ என்னும் பொருளுடையது. 1963இல் குசுமாவதி தேஷ்பாண்டே மொழிபெயர்த்து இந்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு பதிப்பித்த நூலின் பெயர், ‘ரானடே: அவர்தம் மனைவியின் நினைவுகள்’ எனப் பொருள்படும்.

முதற்பெயர் ‘ஸ்வத:’ என்பதன் நேர் பெயர்ப்பு. அயர்லாந்து ஆங்கிலப் பேச்சில் ‘ஹிம்செல்ஃப்’ வீட்டுத் தலைவரைச் சுட்டும் வழக்கு உண்டாதலின், அது பொருந்தி வருவதோடு சற்றே நகைச்சுவையும் ஏற்றிவிடுகிறது. இரண்டாம் பெயரில் மனைவி சொல்லாமற் காத்த பெயர் தலைப்பின் முதற்சொல்லாக அமர்கிறது; எழுதியவரோ ‘மனைவி’ என்னும் உறவுப் பெயராகச் சுருங்குகிறார். இரண்டிலும் மறைந்தது ‘எங்கள்’ என்பதே. மூலத்தின் பெயரில் இருந்த ஒரே தன்மைச்சொல் பெயர்ப்புகளின் அட்டையில் இடம்பெறாது போயிற்று.

4. ‘கொள்’ என்னும் துணைவினை

பெண்களுக்கு அறிவுரையாக வழங்கும் வினைகளின் அமைப்பு தனி ஆய்வுக்குரியது. புணேயில் ‘ஸாம்பாளூன் கே’ என்பர். தமிழகத்தில் ‘பொறுத்துக்கொள்’, ‘அனுசரித்துப் போ’, ‘விட்டுக்கொடு’ என்பர். மராத்தியின் ‘கேணே’ என்பதும் தமிழின் ‘கொள்’ என்பதும் ‘எடுத்தல், ஏற்றல்’ என்னும் முதற்பொருளிலிருந்து துணைவினையாகி, வினையின் பயன் வினைமுதலையே சேர்தலை உணர்த்துவன. ‘வாங்கிக்கொள்’, ‘எழுதிக்கொள்’ என்பனவற்றில் இது தெளிவு.

‘பொறுத்துக்கொள்’ என்பதில் பயன் யாரைச் சேர்கிறது? பொறுப்பவள் ஒருத்தி, அதனால் அமைதி பெறுவோர் மற்றையோர். எனினும் இலக்கண வடிவம், பொறுத்தலின் பயனும் அவளுக்கே என்று கூறுகிறது. ‘உன் நன்மைக்காகவே சொல்கிறோம்’ என்னும் அறிவுரை துணைவினையிலேயே அடங்கிவிடுகிறது. இதற்கு மாறாக ‘விட்டுக்கொடு’ என்பதில் பயன் பிறருக்கு என்பது வெளிப்படை. அவ்வகையில் அது நேர்மையான சொல். துணைவினைகள் பொருள் தேய்ந்தவை எனக் கொள்வதே மொழியியலார் மரபாயினும், அறிவுரைத் தொடர்களில் அத்தேய்வு முழுமையானதா என்பது ஆராயத்தக்கது.

ரமாபாயின் நூலில் மூத்த பெண்டிரின் கடுஞ்சொற்கள் நேர்கூற்றாக நீண்டு வருவதும், அவற்றுக்கெதிரே அவர் தம் வாய்ச்சொல் குறைந்து நிற்பதும் இந்நோக்கில் பொருளுடையன. அன்று மறுமொழி கூறாதவர், பல்லாண்டுகளுக்குப்பின் அச்சொற்களை அச்சில் ஏற்றினார். பழித்துரைக்கவில்லை; விளக்கம் சேர்க்கவுமில்லை. அவர் நடத்திய வழக்கில் சான்று மட்டுமே உண்டு, வாதம் இல்லை.

அம்மூத்த பெண்டிரையும் வெறும் கொடியோராகக் காண்பது பொருந்தாது. கைம்மை பூண்டு பிறர் இல்லத்தில் வாழ்ந்தோர்க்கு, வழக்கத்தைக் காத்தலே எஞ்சிய ஒரே அதிகாரம். தாம் செலுத்திய விலையை அடுத்து வந்தவளும் செலுத்த வேண்டும் என அவர்கள் எதிர்பார்த்தனர். தங்கையின் கைம்மையைத் தந்தையின் எதிர்ப்பை மீறி மாற்ற இயலாத சீர்திருத்தவாதி, மனைவிக்குப் பொறுமையைக் கற்பித்தார். அவ்வீட்டில் இரு பெண்களின் துன்பமும் ஒரே அமைதியால் விளைந்தவை.

5. மற்றொரு குரல்

அதே புணே நகரின் சிவாஜி அச்சகத்தில் 1882இல் அச்சான மற்றொரு மராத்தி நூல், தாராபாய் ஷிண்டேயின் ‘ஸ்திரீ புருஷ துலனா’. சூரத்தில் சிசுக்கொலைக் குற்றம் சாட்டப்பெற்ற விஜயலட்சுமி என்னும் விதவையின் வழக்கை ஒட்டிப் பெண்ணினத்தையே பழித்தெழுதிய இதழ்களுக்கு அது மறுப்பு. ஆண்களை முன்னிலையில் நிறுத்தி வினாத் தொடுக்கும் பேச்சு நடை அதனுடையது. ஜோதிராவ் பூலே அதற்கு ஆதரவாக எழுதினார். ஆயினும் அந்நூல் மறைந்து, 1975இல் ச. கம். மால்ஷே மறுபதிப்புச் செய்தபின்னரே மீண்டும் அறியப்பட்டது. 1994இல் ரோசலிண்ட் ஓ’ஹான்லன் ஆங்கிலமாக்கினார். தாராபாயிடமிருந்து வேறொரு நூல் வரவில்லை.

அமைதி காத்தவரின் நூல் முன்னுரையோடு வெளிவந்து வழக்கில் நின்றது. அமைதி குலைத்தவரின் நூல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வழக்கொழிந்து கிடந்தது. இதிலிருந்து முன்னவரைத் தாழ்த்திப் பின்னவரை உயர்த்துதல் முறையன்று. 1909இல் புணேயில் சேவா சதனைத் தொடங்கியவர் ரமாபாய்; 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகராட்சியின் கட்டாயத் தொடக்கக் கல்வி சிறுமியரையும் உள்ளடக்க வேண்டும் எனப் போராடியவரும் அவரே. ஆனால் நூல் 1901இல் கணவரின் மறைவோடு முடிகிறது. தாம் செய்தவற்றைத் தம் தன்வரலாற்றில் சேர்க்கும் தகுதி உடையனவாக அவர் கருதவில்லை. பெயர் சொல்லாமையினும் பெரிய மௌனம் இது.

6. தமிழாக்கத்திற்குரிய நெறி

இந்நூலைத் தமிழாக்க விரும்புவோர் முன் மூன்று வழிகள் உள்ளன. ‘ஸ்வத:’ வருமிடமெல்லாம் ‘ரானடே’ எனப் பெயரிடுவது முதல் வழி. இது தெளிவு தரும். மூலத்தின் உயிர்நாடியை அறுக்கும். ‘தாம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது இரண்டாம் வழி. சுட்டப்படும் பெயரின்றி ‘தாம் வந்தார்’ எனத் தமிழில் எழுதினால் வாசகர் தொடர்தோறும் இடறுவர். மூலத்தில் வழுவமைதியாக இருந்தது பெயர்ப்பில் வழுவாகவே நின்றுவிடும். மேலும், இயல்பாக ஏற்கப்பட்டதொரு வழக்கு வியப்புக்குரிய விநோதமாகத் தோன்றும்.

மூன்றாம் வழியே ஏற்புடையது. தமிழ்ப்பெண்கள் வழக்கில் கணவரைக் குறிக்க முன்பின் சுட்டின்றி வரும் ‘அவர்’ உண்டு. அதனை அவருக்கே உரியதாக ஒதுக்கிவிடலாம். நூலில் வரும் ஏனைய ஆடவர் எவரையும் ‘அவர்’ எனச் சுட்டாது, ஒவ்வோரிடத்தும் பெயராலோ முறைப்பெயராலோ குறித்தல் வேண்டும். சில பக்கங்களுள் அச்சுட்டுப்பெயரே இயற்பெயராகிவிடும். சொல்லப்படாத பெயர் எங்கும் நிறைந்திருப்பதை வாசகர் விளக்கமின்றியே உணர்வர். ஏனைய பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லுதலால் நடை சற்று இறுகும். அது ஏற்கத்தக்க இழப்பே.

இதற்கு எதிரான ஓர் ஈர்ப்பையும் சுட்டுதல் வேண்டும். இன்றைய மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர் அடக்கி எழுதிய இடங்களில் தம் சினத்தைச் சேர்க்க விழையலாம். ‘நான் ஒன்றும் சொல்லவில்லை’ என்பது ‘என்னால் ஒன்றும் சொல்ல இயலவில்லை’ என மாறினால், ஒரே சொல்லில் தெரிவு கட்டாயமாகிவிடுகிறது. அது அவருடைய சொல் அன்று. மறுபுறம், ஏச்சுகளின் கூர்மையை மழுக்கி, அவற்றை இனிய குடும்பக் கதையாக ஆக்குதல் மாமியார் வீட்டின் பணியை மொழிபெயர்ப்பாளரே ஏற்பதாகும்.

7. முடிவுரை

வழுவமைதி என்று ஓரிடத்தைக் குறிக்கும் இலக்கணநூலார், அது வழு என்பதையும் உடன் சொல்லிவிடுகின்றனர். அமைத்துக்கொண்டமையால் பிழை பிழையன்று என அவர்கள் கூறுவதில்லை. ரமாபாயின் நூலை வாசிப்போர்க்கும் பெயர்ப்போர்க்கும் உகந்த நெறி இதுவே. அவர் காத்த அமைதியை அவ்வாறே காட்டுதல் வேண்டும்; அது எதன்மேல் அமைந்தது என்பதையும் மறையாமற் காட்டுதல் வேண்டும்.