முகம் காட்டாத மின்னிசை

சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அந்தத் தண்டவாளத்தின் ஓசையோடு வளர்ந்த ஊர்கள். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் 1970இல் ரால்ஃப் ஹியூட்டரும் ஃபுளோரியன் ஷ்னைடரும் தொடங்கிய கிராஃப்ட்வெர்க் மின்னிசைக் குழு, 1977இல் 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்' இசைத்தட்டில் இத்தகைய ஓசையைத்தான் தாளமாக்கியது. அதற்கு முன், 1974இல், 'ஆட்டோபான்' வந்தது. ஒரு நெடுஞ்சாலைப் பயணம் இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே, 22 நிமிடங்களுக்கு மேல், நிறைத்துக்கொண்டது. தாங்கள் அன்றாடம் காணும் எந்திரங்களையே அவர்கள் பாடுபொருளாக எடுத்துக்கொண்டார்கள். தமிழில் மின்னிசைக்குக் கருவியும் இருந்தது, மேதைமையும் இருந்தது. ஆனால் கதைக்குள் கணினியோ எந்திரனோ வந்தபோது மட்டுமே அது தன் முகத்தைக் காட்ட முடிந்தது என்பது என் வாதம்.

1986ஆம் ஆண்டே இதற்குச் சாட்சி. எழுத்தாளர் சுஜாதாவின் எழுத்தில் ஏவுகணையும் கணினியுமாக வந்த 'விக்ரம்' படத்தின் தலைப்புப் பாடலில் இளையராஜா மின்னொலியை ஒளிக்கவில்லை, முன்னால் நிறுத்தினார். அதே ஆண்டு 'புன்னகை மன்னன்' படத்திலும் ஒலிகளை வரிசைப்படுத்தி இசைக்கும் சீக்வென்சரும் கணினியும் வேலை செய்தன. ஆனால் அது காதல் கதை. கேட்டவர் காதில் விழுந்தது காதல் மட்டுமே. ராஜாவிடம் கீபோர்டு வாசித்த திலீப், ஏ.ஆர். ரஹ்மானாகி, கோடம்பாக்கத்து வீட்டருகே சொந்த ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். கிராஃப்ட்வெர்க்குக்கு 'கிளிங் கிளாங்' கூடம் எப்படியோ அப்படி இதுவும்: நேரக் கணக்கில்லாமல் ஒலியைத் தேடிக்கொண்டிருக்க ஓர் இடம். அங்கிருந்து 1992இல் வந்த 'ரோஜா'வில் நாம் நினைவில் வைத்திருப்பது ஒரு கிராமத்துப் பெண்ணின் ஆசைகளை. அந்த ஒலியைக் கட்டிய எந்திரங்களை அல்ல. கிராஃப்ட்வெர்க் 1978இல் எந்திர மனிதர்களைப் பாடியது. தமிழ்த் திரையிசை அதே பொருளை முழு ஒலியோடு எடுத்துக்கொள்ள 2010இல் 'எந்திரன்' வர வேண்டியிருந்தது.

திரைப்பாட்டு கதைக்கு ஊழியம் செய்வதுதான் அதன் இயல்பு, தனிக் குழுவோடு அதை ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். பம்பாயின் சரண்ஜித் சிங்கும் திரையிசைக் கலைஞர்தான். கிராஃப்ட்வெர்க் தன் 1981 உலகப் பயணத்தில் அந்நகரில் வாசித்துச் சென்ற மறு ஆண்டில், ரோலண்ட் மின்னிசைக் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை மின்தாளத்தில் பதிவு செய்தார். அன்று விற்காத அந்த இசைத்தட்டு 2010இல் மறுபடி வெளியானதும் உலகம் வியந்து கேட்டது. திரைக்கு வெளியே ஒரு வாசல் இருந்தது. சென்னை அதைத் தட்டவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சிந்தசைசர் வந்ததால் வயலின் வரிசைகள் சுருங்கின, பல குடும்பங்களின் பிழைப்பு போனது. அந்த வலி உண்மை. ஆனால் எந்திரத்தைக் கண்ணில் படாமல் வைத்ததால் அந்த வயலின்காரர்களுக்கு எதுவும் கிடைத்துவிடவில்லை. எந்திரத்தை இயக்கியவரின் பெயரும் சேர்ந்து மறைந்ததுதான் மிச்சம்.

கிராஃப்ட்வெர்க் 1981 பயணத்தில் தன் கூடத்தையே மேடைக்குக் கொண்டுவந்து, சிறு கருவிகளை முன்வரிசை ரசிகர்களிடம் நீட்டி அழுத்தச் சொன்னது. 2023 செப்டம்பரில் பனையூரில் ரஹ்மான் நிகழ்ச்சிக்குத் தென்சென்னைப் புறநகரே திரண்டது பாட்டுக்காக, பாடுபவர்களுக்காக. ஒலியைக் கட்டியவர்களைக் கேட்டு வந்தவர் எத்தனை பேர்? ரஹ்மான் தன் கேசட் அட்டைகளில் வாசித்தவர்கள் பெயரை அச்சிட்டது இதனால்தான் பெரிய செயல். தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ உங்கள் வீட்டுப் பரணில் அந்த அட்டைகள் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றிலுள்ள பெயர்களை எழுதி வையுங்கள். அந்தக் கலைஞர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள்.