கல்லுக்குக் காவல் உண்டு, குப்பத்துக்கு?

கோவளம் தர்காவுக்கு ஸியாரத் செய்யச் செல்லும் நம் குடும்பங்கள், அப்படியே மாமல்லபுரம் வரை சென்று கடற்கரைக் கோயிலையும் கண்டு திரும்புவது வழக்கம். இடையிலுள்ள மீனவக் குப்பங்களில் நம் கண் தங்குவதில்லை. நம் எழுத்தும் தங்குவதில்லை என்பதே நாம் சொல்ல வந்த குறை.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' அக்கரையைச் சிற்பிகளின் உலகமாக நம் மனத்தில் பதித்துவிட்டது. அது வரலாற்றுப் புதினம். அதனைக் குறை கூறுவதற்கில்லை. இன்றைய புயலை எழுதுவோரும் கல்லைத் தாண்டி வரவில்லையே என்பதுதான் நம் வருத்தம். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. இத்தகைய புயல் வரும்போதெல்லாம் காற்றின் வேகத்தையும் சாய்ந்த மரங்களையும் எண்ணுகிறோம். 'இயற்கையின் சீற்றம்' என்றெழுதி முடித்துக்கொள்கிறோம்.

இச்சொற்றொடரே பிழை என்போம். நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் உலகம் சூடேறுகிறது, சூடேறிய கடல் புயலுக்கு வலுவூட்டுகிறது, கடல்மட்டமும் உயர்கிறது. இதில் மனிதனின் கை இல்லையா? அடி விழுவதும் எல்லோர் மீதும் ஒரே அளவிலன்று. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமான கோயிலைக் காக்கக் கடலோரம் பாறைகளைக் கொட்டினார்கள், காக்க வேண்டியதே. ஆனால் இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. கடலுக்குள் நீளும் கற்சுவர் அதைத் தடுத்தால், வடபுறம் கரை அரிக்கும். அரிபடுவது படகு நிறுத்தி வலை உலர்த்தும் மணல்.

புயல் எச்சரிக்கை வந்தால் படகு கரையில் நிற்கும். அன்று படகோட்டிக்குக் கூலி இல்லை; கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்கும் இல்லை. கடனுக்கு வட்டி மட்டும் நிற்பதில்லை. செங்கற்பட்டின் உட்பகுதியில், ஏரிக்கரையில் குடிசை கட்டி வாழும் இருளர் நிலையும் இதுவே. மழை நீடித்தால் செங்கற்சூளை ஓயும்; வயல்வேலையும் ஓயும். பட்டா இல்லாத குடிசை இடிந்தால், அந்த இழப்பை எந்த ஏட்டில் எழுதுவது?

தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தது. கடலோர ஊரொன்றில் எளியோரை வருத்துவது அலையைவிட அதிகாரமே என்று உள்ளிருந்து காட்டிய படைப்பு அது. அந்தப் பார்வை செங்கற்பட்டுக் கரைக்கும் வேண்டும். புயலின் பெயரை நினைவில் வைக்கும் எழுத்து, அதனால் பட்டினி கிடந்தவர்களையும் நினைவில் வைக்கட்டும்.