மீட்டது எதை? மெத்யூன் ஆர்கனும் ஒரு சொல்லும்

பைப் ஆர்கனை இடம் மாற்றுவது பியானோவை வண்டியில் ஏற்றுவது மாதிரி இல்லை. குழாய்களைக் கழற்றி, எண் போட்டு, பெட்டியில் அடுக்கிவிடலாம். அது ஒலித்த கூடத்தை எதில் அடுக்குவது? ஒவ்வொரு குழாயின் வாயையும் அடித்துளையையும் திருத்தித் திருத்தி, அந்தக் கூடத்துக்கு ஏற்றபடிதான் குரல் கொடுக்கிறார்கள். கூடம் போனால் வாத்தியத்தில் பாதி போனது.

அமெரிக்காவின் மெத்யூன் இசைக்கூடத்து ஆர்கனைப் பற்றிப் பேசும்போது 'மீட்பு' என்ற சொல் சுலபமாக வந்துவிடுகிறது. எனக்கு அந்தச் சொல்மேல்தான் சந்தேகம்.

ஜெர்மனியில் வால்க்கர் பட்டறை செய்த ஆர்கன் அது. 1863-ல், உள்நாட்டுப் போருக்கு நடுவிலேயே, பாஸ்டன் மியூசிக் ஹாலில் அரங்கேறியது. 1881-ல் சிம்பொனி இசைக்குழு வந்தது. மேடையில் இடம் போதவில்லை. 1884-ல் கழற்றிவிட்டார்கள். கிடங்கில் கிடந்ததை 1897-ல் எட்வர்ட் சியர்ல்ஸ் வெறும் 1,500 டாலருக்கு வாங்கினார். வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. ஆர்கனுக்கென்றே ஒரு கூடம் கட்டினார். ஹென்றி வாகன் வடிவமைத்த அந்தக் கூடம் 1909-ல் திறந்தது. வழக்கமாகக் கூடத்துக்குத்தான் ஆர்கன் செய்வார்கள். இங்கே தலைகீழ். இதை மீட்பு என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

சிக்கல் 1947-ல் வருகிறது. ஏயோலியன்-ஸ்கின்னர் நிறுவனத்தின் டொனால்ட் ஹாரிசன் அதைப் புதுப்பித்தார். அவர் காலத்து ரசனை தெளிவைக் கேட்டது. பாக்கின் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். பழைய வால்க்கர் குழாய்களில் பலவற்றை வைத்துக்கொண்டார். மேல் ஸ்தாயியின் கலவை வரிசைகளைப் புதிதாகச் செய்தார். இன்று அந்த ஆர்கனில் பாக் கேட்டால் ஒலி பளிச்சென்று இருக்கிறது. அருமையான வாத்தியம், சந்தேகமே இல்லை. ஆனால் 1863-ல் பாஸ்டன்காரர்கள் கேட்ட கனத்த, இருண்ட ரொமான்டிக் ஒலி? ஹெர்ட்டர் சகோதரர்கள் செதுக்கிய வால்நட் மரக்கூடு அப்படியே நிற்கிறது. கண்ணுக்கு வால்க்கர், காதுக்கு ஹாரிசன்.

ஹாரிசன்மேல் எனக்குக் கோபமில்லை. வாசிக்க ஆளில்லாத ஆர்கனைத் தூசிதான் வாசிக்கும். அவர் கைவைத்ததால்தான் அது இன்றும் கச்சேரி வாத்தியமாக இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதற்குப் பெயர் மறுஆக்கம், மீட்பு இல்லைங்க. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், தொலைந்தது ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோகும். மறந்துபோனதை யாரும் தேடவும் மாட்டார்கள்.