சிறகொடியாமல் போய்ச் சேர

மாதிரி விமானங்களைச் சேகரிப்பதில் ஈடுபாடு கொண்டவர்கள், அவற்றை விற்கவோ, வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளவோ, தூரதேசத்து நண்பர் ஒருவருக்கு அன்பளிப்பாக அனுப்பவோ உத்தேசிக்கும்போதுதான், ஓர் அட்டைப்பெட்டிக்குள் எதை எப்படி வைப்பது என்ற விஷயத்தைச் சிரத்தையோடு ஆராயத் தொடங்குகிறார்கள். பப்பிள் ராப், தெர்மோகோல், இ.பி.இ. ஃபோம், காற்றுப்பை, தேன்கூட்டுக் காகிதம், பூட்டுள்ள கெட்டிப் பெட்டி என்று இதற்காகக் கிடைக்கும் சாதனங்கள் பல. ஒவ்வொன்றும் தன்னளவில் போதுமானது என்று சொல்லியே விற்கப்படுகிறது. இவற்றுள் எதை எவ்வளவு நம்பலாம் என்பதை ஒரே அளவுள்ள விமானத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்த்து, அதில் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்ட விமானம் 1:200 அளவில் உலோகத்தில் வார்த்த போயிங் 747. ஏர் இந்தியாவுக்கு 1971-இல் வந்த முதல் ஜம்போவாகிய 'எம்பரர் அசோகா'வின் உருவம். மூக்கிலிருந்து வால் வரை சுமார் 35 சென்டிமீட்டர், இறக்கை நுனிக்கு நுனி சுமார் 30. ராஜஸ்தானத்து ஜரோக்காக்களை நினைவூட்டும் அந்தச் சிவப்புச் சாளர வளைவுகள் ஒவ்வொன்றும் எறும்பின் தலையளவுக்குச் சுருங்கியும் வடிவம் கெடாமல் அச்சாகியிருக்கின்றன. முதுகின்மேல் காகிதத்தைவிடச் சற்றே தடித்த ஆன்டெனாக்கள் ஒரு பொட்டுப் பசையின் பிடிப்பில் நிற்கின்றன. பதினெட்டுச் சக்கரங்களும் தம்தம் அச்சில் சுழல்கின்றன. எடையோ ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் பெரும்பகுதி துத்தநாகக் கலவையால் ஆன உடலில் இருக்கிறது. கனத்த உடலும் மெலிந்த உறுப்புகளும் இப்படி ஒன்றாய்ச் சேர்ந்திருப்பதில்தான் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கிறது.

பார்சல் என்றாலே மேலிருந்து ஏதேனும் கனமான பொருள் விழுந்து நசுக்கிவிடும் என்ற பயமே பலருக்கும் முதலில் வருகிறது. நசுங்கி வீணாகும் விமானங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒடிந்து வரும் விமானங்களை எடுத்து உற்றுப் பார்த்தால், பெரும்பாலும் அவற்றின் பெட்டி சற்றும் சிதையாமல் இருப்பதைக் காணலாம். பிரேக் போட்ட பேருந்தில் நிற்பவர் முன்னே சாய்வதுபோல, விழுந்த பெட்டி தரையில் நின்றுவிட்ட பிறகும் உள்ளே இருக்கும் விமானம் தன் வேகத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்த முன்வருவது ஓர் இயந்திரக் கூடாகவோ இறக்கை நுனியாகவோ இருந்தால், உடலின் பாரம் முழுவதும் அந்த ஓர் இடத்தின்மேல் வந்து இறங்குகிறது. ஆகவே மாதிரி விமானத்தைக் காப்பது என்பது, முக்கியமாக, அதனுடைய சொந்த எடையிலிருந்து அதைக் காப்பதுதான். இந்த ஓர் உண்மையை உரைகல்லாக வைத்துக்கொண்டால், சாதனங்களின் யோக்கியதை தானே விளங்கிவிடும்.

இதைக் கணக்காகவும் பார்த்துவிடலாம். சிறு பார்சல்களைச் சோதிப்பதற்குச் சர்வதேச அளவில் வழங்கும் விதியொன்று, 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பெட்டியை ஒரு மூலையிலும் மூன்று விளிம்புகளிலும் ஆறு பக்கங்களிலும் விழச் செய்யவேண்டும் என்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் அடங்குமானால், பொருளின்மேல் சராசரியாக அதன் எடையைப்போல் 76 மடங்கு விசை தாக்குகிறது. இரண்டரை சென்டிமீட்டரில் அடங்குமானால் அது 30 மடங்காகக் குறைகிறது. உச்ச விசை இதனினும் மிகும். மெத்தையின் வேலை, நிற்பதற்கு வேண்டிய தூரத்தைத் தருவது மட்டுமே. தூரம் தராத மெத்தை எவ்வளவு பருமனாக இருந்தும் பிரயோஜனமில்லை.

பரீட்சைக்கு நல்ல விமானத்தைப் பலியிட மனம் வராதாகையால், அதே அளவும் எடையும் உள்ள, ஏற்கெனவே ஒரு பக்கம் ஊனமுற்ற பழைய மாதிரி ஒன்றை வாங்கி, அதன் பெட்டியின்மேல் 75 மடங்கு விசைக்குச் சிவக்கும் அதிர்ச்சிகாட்டிச் சீட்டை ஒட்டி, மேஜை உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழவைத்தேன்.

முதலில் பப்பிள் ராப். நியூஜெர்சி மாகாணத்து ஹாதார்னில் 1957-இல் ஆல்ஃபிரெட் ஃபீல்டிங், மார்க் சாவன் என்னும் இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாக உண்டாக்க முயன்ற பொருள் இது. அந்த வேலைக்கு உதவாமல் போய், பின்னர் ஐ.பி.எம். கம்பெனியின் 1401 கணிப்பொறியைப் பத்திரமாக அனுப்பப் பயன்பட்டு உலகப் பிரசித்தி பெற்றது. இடைவெளியை நிரப்புவதற்கும், சிராய்ப்பைத் தடுப்பதற்கும் இதைவிட எளிதான பொருள் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்மிடையே பலரும் செய்வதுபோல, விமானத்தையே இதில் இறுக்கிச் சுற்றி டேப் ஒட்டுவது மிகவும் தவறான வழக்கம். சுற்றும்போதே ஆன்டெனா ஒடிகிறது. போதாக்குறைக்கு, வெயிலில் நிற்கும் லாரியின் வெப்பத்தில் குமிழிகள் பெயின்டின்மேல் அழுந்தி வட்ட வட்டமாகத் தடம் பதித்துவிடுவதும் உண்டு. பெட்டிக்கு வெளியே இரண்டு சுற்றுச் சுற்றிய பப்பிள் ராப் மட்டும் காவலாக இருந்த பரீட்சையில், மூலையில் விழுந்தவுடன் சீட்டுச் சிவந்துவிட்டது. சிறு குமிழி இங்கே உதவாது; பெரிய குமிழி ஓரளவு உதவும், ஆனால் சில குமிழிகள் உடைந்தபின் அந்த மூலையில் காவலே இல்லை.

தெர்மோகோல் பலகை முதல் வீழ்ச்சியைக் கௌரவமாகத் தாங்கியது. ஆனால் ஒருமுறை அமுங்கிய இடம் மறுபடி எழுவதில்லை. அடுத்த வீழ்ச்சி அதே மூலையில் நேரும்போது அங்கே பள்ளமும் வெற்றிடமுமே மிஞ்சுகின்றன. தெர்மோகோல் மணிகளை நான் அறவே வேண்டாமென்பேன். குலுங்கக் குலுங்கக் கனமான பொருள் அவற்றை விலக்கிக்கொண்டு அடியில் போய் உட்காருகிறது, திறந்தாலோ சக்கரக் குழிகளிலெல்லாம் மணிகள் ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. தேன்கூட்டுக் காகிதம் கண்ணுக்கு அழகு, மண்ணுக்கும் கேடில்லை. பீங்கான் கோப்பைக்குப் போதும், ஒரு கிலோ உலோகத்துக்குப் போதாது. காற்றுப்பை அற்புதமாகத் தாங்குகிறது, அதன் அறைகளில் காற்று இருக்கும் வரையில்.

இ.பி.இ. ஃபோம் விஷயத்தில் மட்டும் சற்று நின்று நிதானமாகப் பேசவேண்டும். மிக நல்ல பலனையும் எதிர்பாராத தோல்வியையும் இந்த ஒரே பொருள் தந்தது. பாக்கிங் சாமான் விற்கும் கடைகளில் வெள்ளைச் சுருளாகவும் பலகையாகவும் கிடைக்கும் இது, அழுத்தினால் இசைந்து விட்டால் மீள்வது, ஈரம் ஏறாதது. விமானம் இருக்கும் உட்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே ஆறு பக்கங்களிலும் ஐந்து சென்டிமீட்டர் தடிப்புள்ள முழுப் பலகைகளை வைத்து மூடி, இனி கவலையில்லை என்ற நம்பிக்கையோடு தட்டையாக விழவைத்தபோது, சீட்டுச் சிவந்துபோயிற்று. காரணத்தை யோசித்தால் விளங்குகிறது. 40-க்கு 35 சென்டிமீட்டர் அளவுள்ள உட்பெட்டியின் அடிப்பரப்பு 1,400 சதுர சென்டிமீட்டர். விமானமும் பெட்டியும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம்தான் பாரம். அவ்வளவு சொற்ப பாரத்துக்கு ஃபோம் அமுங்குவதே இல்லை. அமுங்காத ஃபோம் மரப்பலகைக்குச் சமானம்.

அதே பலகையை ஏழு சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக அறுத்து, உட்பெட்டியின் எட்டு மூலைகளிலும், ஒவ்வொரு மூலையையும் மூன்று பக்கங்களிலிருந்தும் அணைத்துப் பிடிக்கும்படி வைத்துப் பார்த்தேன். இப்போது அடியில் தாங்குவது நான்கு துண்டுகள், ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். ஆகவே பாரம் ஏழு மடங்காகச் சேர்ந்து ஒவ்வொரு துண்டையும் உள்ளபடியே அமுக்குகிறது. தட்டையாகவும், விளிம்பிலும், மூலையிலும் மாறி மாறி விழச் செய்தும் சீட்டு வெண்மையாகவே நின்றது. குறைந்த ஃபோம் கூடுதலாகக் காத்தது என்பதை நேரில் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது. துண்டுகளுக்கு இடையிலுள்ள காலியிடத்தில் கசக்கிய காகிதத்தைத் தளர்வாக வைக்கலாம், திணிக்கக்கூடாது.

பூட்டும் ரப்பர் விளிம்பும் உள்ள கெட்டிப் பெட்டிகளில், சிறு சிறு சதுரமாகக் கிள்ளியெடுத்து விமானத்தின் வடிவத்துக்குக் குழி செய்துகொள்ளும் ஃபோம் வருகிறது. கண்காட்சிக்குக் கையில் எடுத்துச் செல்பவர்களுக்கு இதைவிடச் சௌகரியமானது வேறில்லை. குழியைச் செய்யும்போது உடலின் அடிவயிறும் இறக்கை உடலோடு சேரும் இடமும் மட்டும் ஃபோமில் பதிய, இயந்திரங்களும் வாலும் ஆன்டெனாக்களும் காற்றில் நிற்கவேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தக் கறுப்பு ஃபோம் பாலியூரித்தேன். வருஷக்கணக்கில் அதிலேயே வைத்திருந்தால் நாளடைவில் பொடிந்தும் பிசுபிசுத்தும் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். பிரயாணத்துக்கு அது உகந்தது. நிரந்தர வாசத்துக்கு அல்ல.

அதிர்ச்சிகாட்டிச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 25, 37, 50, 75, 100 மடங்கு என்று பல தரங்களில் கிடைக்கும் இது, குறித்த விசைக்கு மேல் அடிபட்டால் நிரந்தரமாகச் சிவந்துவிடுவதால், நாம் கட்டிய கட்டு எப்படிப்பட்டது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. கைப்பேசியைப் பெட்டிக்குள் வைத்து அளந்துவிடலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. பெரும்பாலான கைப்பேசிகளின் அளவுமானி 8 அல்லது 16 மடங்கோடு நின்றுவிடுவதால் அது இங்கே பயன்படாது.

கட்டும் முறையில் கவனிக்கவேண்டியவை சில. தாங்கி, கழற்றக்கூடிய சக்கரத் தொகுதி முதலியவற்றைத் தனிப் பையிலிட்டு, விமானம் இருக்கும் தட்டுக்கு வெளியே வைக்கவேண்டும். உள்ளே உருளும் ஒரு சிறு தாங்கி ஜரோக்காக்களையெல்லாம் உரித்துவிடும். விமானத்துக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கும் நடுவே அமிலமற்ற டிஷ்யூ காகிதம் வேண்டும். தயாரிப்பாளரின் மூலப்பெட்டியும் சேகரிப்பின் ஒரு பகுதியே ஆதலால், அதன்மேல் ஒருபோதும் டேப் ஒட்டாமல், பாலிதீன் பையிலிட்டு, உடன் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றும் வைத்து, அதைச் சரியாகப் பிடிக்கும் 3 பிளை அட்டைப்பெட்டியில் முதலில் அடைத்து, அந்தப் பெட்டியைத்தான் மூலைத் துண்டுகளோடு 5 பிளை வெளிப்பெட்டிக்குள் இறக்கவேண்டும். மூடியபின் காதருகே வைத்துக் குலுக்கினால் சப்தமே கேட்கக்கூடாது.

செலவு இதில் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. விமானத்தில் அனுப்பும் கூரியர்கள் பொதுவாக நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் கிலோவுக்கே கட்டணம் போடுகிறார்கள். 50-க்கு 45-க்கு 25 அளவுள்ள வெளிப்பெட்டி, உள்ளபடி மூன்று கிலோவும் இல்லாதிருந்தும், பதினொரு கிலோவுக்கு மேல் கணக்காகும். இந்தக் கூடுதலுக்கு அஞ்சி ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியை இரண்டாகக் குறைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அந்த மூன்று சென்டிமீட்டர்தான் அவர்கள் உண்மையில் விலைகொடுத்து வாங்கும் பாதுகாப்பு என்பதே.

இந்த முறை எல்லா விமானங்களுக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். பிளாஸ்டிக் பாகங்களை ஒருவர் தம் கையாலேயே ஒட்டிச் செய்த 1:72 போர்விமானத்தில் கம்பி ஆன்டெனாவும் ஊசிபோன்ற குழாயும் நீட்டிக்கொண்டிருப்பதால், அதை எந்தப் பக்கமும் எதுவும் தொடக்கூடாது. அடிவயிற்றை ஃபோம் தொட்டிலில் இருத்தி, இறக்கையின் அடிவாரத்தின்மேல் மிருதுவான பருத்தி நாடாவைக் குறுக்கே கட்டி, சுற்றிலும் வெற்றிடம் விட்டு மூடவேண்டும். உலகயுத்தத்துக்கு முந்திய டிங்கி விமானங்கள் வேறு ரகம். அக்காலத்து துத்தநாகக் கலவையில் கலந்த ஈயத்தின் தோஷத்தால், உலோகமே உள்ளுக்குள் வெடித்து உதிரும் வியாதி அவற்றில் பலவற்றுக்கு உண்டு. வெடிப்புக் கண்டவற்றைத் தபாலில் அனுப்பும் யோசனையைக் கைவிட்டு, வாங்குபவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்படி ஏற்பாடு செய்வதே உத்தமம்.

மற்றபடி, உலோக மாதிரி விமானம் ஒன்றை அனுப்ப இருப்பவர் எவரும் கெட்டிப் பெட்டிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். இரண்டு அட்டைப்பெட்டிகளும், ஒரு இ.பி.இ. பலகையும், அதை அறுக்க நல்ல கத்தியும் போதும். பார்சலைப் பெறுகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம்: அந்த மூலைத் துண்டுகளைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள், அடுத்து நீங்கள் அனுப்பப்போகும் விமானத்துக்கு அவை அப்படியே உதவும்.