மைத்ரேயியின் முகமும் மெக்கன்ரோவின் குரலும்

படவுலகம் ஒரு காலத்தில் நடிகையைத் தேடிப் போனால், சங்கீதமும் நாட்டியமும் பரம்பரையாக வழங்கிய வீடுகளின் வாசலில்தான் பெரும்பாலும் போய் நின்றது. எங்கள் தஞ்சாவூர் ஜில்லா தந்த டி.ஆர். ராஜகுமாரி, பாடகி குஜலாம்பாளின் பேத்தி என்ற முறையில், காமிராவின் முன் வருவதற்குள்ளேயே பாதி வழி நடந்துவிட்டவர். இதற்கு நேர் விரோதமான சம்பிரதாயம் ஒன்று 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்தது. 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் கதாநாயகிக்காக, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மிண்டி கேலிங் விடுத்த பகிரங்க அழைப்புக்கு வந்து குவிந்த சுமார் 15,000 விண்ணப்பங்களிலிருந்து, கனடாவில் குடியேறிய ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளும், பள்ளி நாடகங்களுக்கு அப்பால் அனுபவமில்லாதவருமான பதினேழு வயது மைத்ரேயி ராமகிருஷ்ணன் தேர்வு செய்யப்பட்டார். குலமும் சிபாரிசும் கேளாத இந்த முறையின் சிறப்பை மறுப்பார் இலர்.

ஆயினும் அழைப்பு பகிரங்கமே தவிர, பாத்திரம் முன்னமே எழுதி முடிந்தது. கதாநாயகி தேவியின் பெற்றோர் இந்தியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தவர்கள். கணேச பூஜையும் புடவையும் தாராளமாக வர, தமிழோ அபூர்வமாகவே காதில் விழுகிறது. ஈழத்துப் பேச்சுக்கு இடமே இல்லை. பிள்ளைகளை அயல்தேசத்துக்கு அனுப்பிவிட்டுப் பட்டுக்கோட்டையில் இருக்கும் தாய்மாருக்குத் தேவியின் தாய் நளினியின் கண்டிப்பு நன்றாகப் புரியும். ஆனால் 'ஏண்டி' என்று ஆரம்பிக்காத கோபத்தை அவர்கள் கோபமென்று ஒப்புவார்களா என்பது சந்தேகமே.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. தேவியின் மனத்தை நமக்குச் சொல்பவர் டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ. முன்கோபத்துக்குப் பேர்போன மனிதரைக் கொண்டு ஒரு முன்கோபக்காரியின் அந்தரங்கத்தைப் பேசவைத்த யுக்தி சாமர்த்தியமானதுதான், நாமும் சிரிக்கிறோம். ஆனால் முகம் சொல்லவேண்டியதைக் குரல் முந்திக்கொண்டு சொல்லிவிடும்போது நடிகைக்கு மிஞ்சுவது என்ன? பள்ளிக் கச்சேரியில் தான் ஹார்ப் வாசிக்கும் வேளையிலேயே தகப்பனார் சரிந்து மாண்டதைக் கண்டவள் தேவி. அந்தத் துக்கம் நெஞ்சில் அழுகிப் புளித்து, "அன்றைக்கு நீ செத்திருக்கலாம்" என்ற பொருளில் தாயின் முகத்துக்கு நேரே அவள் வெடிக்கிற இடத்திலும், பின்பு மாலிபு கடலில் அஸ்தியைக் கரைக்கும் இடத்திலும், உதட்டளவில் துடுக்கும் கண்ணளவில் பயமுமாக மைத்ரேயி காட்டுகிற பாவத்துக்கு எந்த வியாக்கியானமும் வேண்டியதில்லை. ஹாஸ்யத்தில் அவர் சற்றே வேகமாகப் பொரிந்து தள்ளுகிறார். சோகத்தில் நிதானம் தானே வந்துவிடுகிறது.

2023இல் தொடர் முடிந்தது. தொடர் நடந்தபோதே 'டர்னிங் ரெட்' படத்தில் மைத்ரேயிக்குக் கிடைத்தது குரல் வேடம், 2025இன் 'ஃப்ரீக்கியர் ஃப்ரைடே'யில் துணை வேடம். இரண்டும் அவருடைய சக்திக்குப் போதா. தொடரின் நாற்பது பகுதிகளில் முதல் பருவத்தின் பத்தைப் பார்த்தவர்கள், மிச்சத்தை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.