சாரல் காலத்தில் ரொட்டியைச் சுவைக்கும் முறை

தென்காசி, குற்றாலப் பகுதியில் மைதாவின் புகழ் முழுவதையும் பிரானூர் பார்டர் புரோட்டாவே எடுத்துக்கொண்டது. பேக்கரி ரொட்டியோ காய்ச்சல்காரர்களின் உணவாகவும் டீக்குத் துணையாகவும் ஒதுங்கி நிற்கிறது. இந்த ஒதுக்கம் நியாயமற்றது. புரோட்டாவின் அடுக்குகள் எண்ணெயாலும் வீச்சாலும் உருவாகின்றன. ரொட்டியின் துளைகளோ, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு வெளியிடும் கரியமில வாயு, குளூட்டன் எனப்படும் கோதுமைப் புரதத்தின் இழுபடும் வலையில் சிக்கிக்கொள்வதால் உருவாகின்றன. ஆகவே ரொட்டியை நாவுக்கு முன் விரலால் சோதிப்பதே முறை: அழுத்திய இடம் மெல்ல எழும்பி வந்தால் வலை நன்கு அமைந்திருக்கிறது, பள்ளமாகவே நின்றால் பிசைந்ததிலோ வேகவைத்ததிலோ குறை இருக்கிறது.

பெட்டிக்கடைகளில் உறையிட்டு விற்கும் ரொட்டிக்குத் தனி வரலாறு உண்டு. 1965-இல் இந்திய அரசு நிறுவிய மாடர்ன் பேக்கரீஸ், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கிடைத்த ஆஸ்திரேலிய உதவியோடு ரொட்டியைப் பெருந்தொழிற்சாலைப் பண்டமாக்கியது. 2000-இல் அதன் 74 விழுக்காட்டுப் பங்கு இந்துஸ்தான் லீவரிடம் போனது. பின்னர் எவர்ஸ்டோன் என்னும் முதலீட்டு நிறுவனத்திடமும், 2021-இல் மெக்சிகோவின் குருப்போ பிம்போவிடமும் அந்த ரொட்டி கைமாறியது. மத்திய அரசு தன் நிறுவனமொன்றின் பெரும்பங்கை, நிர்வாகத்தோடு சேர்த்துத் தனியாருக்குக் கொடுத்த முதல் விற்பனை, எஃகிலோ சுரங்கத்திலோ நடக்காமல் ரொட்டியில் நடந்தது சற்று வேடிக்கைதான். இத்தகைய ரொட்டியில் தேட வேண்டியது சீர்மை: மெல்லிய மேலோடு, ஒரே அளவான நுண்துளைகள், அடங்கிய மணம். லாரியில் பல ஊர்களுக்குச் சென்று சில நாள் கெடாதிருக்க வேண்டிய பண்டத்தில் பூஞ்சையைத் தடுக்கக் கால்சியம் புரோப்பியனேட் சேர்ப்பது வழக்கம். அடுப்பு மணத்தை அதனிடம் எதிர்பார்ப்பது பிழை.

அந்த மணம் உள்ளூர் பேக்கரித் தட்டில் அன்றே இறக்கிய பன்னில் இருக்கிறது. ஆனால் அதன் ஆயுள் ஒரு மாலைப்பொழுதுதான். எஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது தவறு, ஏனெனில் வெந்து இளகிய மாவுச்சத்து அந்தக் குளிரில் விரைந்து மீண்டும் இறுகுவதால் பன் விறைத்துவிடும். லேசாகச் சுட வைத்தால் ஓரளவு இளகும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரக்காற்று புகுந்து சாரல் தூவும் குற்றால சீசனில், ரொட்டித் துண்டை மறுமுறை சூட்டில் உலர்த்திச் செய்யும் ரஸ்க்கே முதலில் தளரும். ஆகவே சீசனில் ரஸ்க்கை மூடிய டப்பாவிலிருந்து எடுத்தவுடன் ஒடித்துப் பார்க்க வேண்டும்: சத்தம் கேட்டால் நல்லது, வளைந்தால் காற்று புகுந்துவிட்டது. டீயில் தோய்க்கும்போது நல்ல ரஸ்க் உள்வரை ஊறியும் உருக்குலையாமல் வாய்க்கு வந்துசேரும்.